வீட்டிலுள்ள பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: குதிரையை இறக்குவதும், கழற்றுவதும், காப்பதும்

நமது மாநிலத்தின் மலையடிவாரக் கிராமங்களிலும், காப்பி, ஏலம், மிளகு பயிராகும் தோட்டப் பகுதிகளிலும் உரிமம் பெற்ற துப்பாக்கிகள் இரண்டு மூன்று தலைமுறைகளாக இருந்து வருகின்றன. பாட்டனார் காலத்தில் வீட்டுக் காவலுக்கும் பயிர்க் காவலுக்கும் வாங்கிய 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி, தந்தையின் உரிமத்துக்கு மாறி, இன்று பேரனின் பொறுப்பில் இருப்பதைப் பல வீடுகளில் காணலாம்.

இத்துப்பாக்கிகளுக்கு இன்று வேலை குறைவு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பயிரை அழிக்கும் விலங்கானாலும் உழவர் தாமாகவே சுட்டுவிட முடியாது. காட்டுப்பன்றித் தொல்லைக்காகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் பிறப்பித்த ஆணையும், காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பை வனத்துறையினரிடமே விட்டுள்ளது. ஆகவே, துப்பாக்கி ஆண்டு முழுவதும் அலமாரியிலோ அறை மூலையிலோ இருந்துவிடுகிறது.

பயன்படாத துப்பாக்கியால் தீங்கில்லை என்று எண்ணுவது தவறு. தினமும் கையாளும் கருவியின் நிலை கையாள்பவருக்குத் தெரியும். பல ஆண்டுகள் தொடாத துப்பாக்கியில் தோட்டா இருக்கிறதா, குதிரை ஏற்றப்பட்டிருக்கிறதா என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கடைசியாகத் தோட்டா போட்டவர் காலமாகியும் இருக்கலாம். விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளை அதை எடுத்து விசையைத் தொட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைத் தவிர்க்கப் பெரிய செலவோ தனித் திறமையோ வேண்டியதில்லை. வரிசை மாறாமல் செய்தால் போதும். முதலில் திறக்க வேண்டும். அடுத்து பார்க்க வேண்டும். அதன் பிறகே குதிரையை இறக்க வேண்டும்.

எந்த வகைத் துப்பாக்கி?

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகையில் இரண்டு குதிரைகள் வெளியே, குழல்களின் பின்புறம் காது போல நிமிர்ந்து நிற்கும். கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால்தான் குதிரை ஏறும். இதை வெளிக்குதிரைத் துப்பாக்கி எனலாம்.

இரண்டாம் வகையில் குதிரைகள் உள்ளே மறைந்திருக்கும். பர்மிங்ஹாம் நகரில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்சன், டீலி என்ற இருவர் 1875-இல் உருவாக்கிய அமைப்பு இவ்வகையில் பெயர் பெற்றது. குழல்களை மடக்கித் திறக்கும்போதே உள்ளிருக்கும் குதிரைகள் தாமாக ஏறிக்கொள்ளும். வெளியே குதிரை தெரியாததால், துப்பாக்கி ஏறிய நிலையில் உள்ளதா, இறங்கிய நிலையில் உள்ளதா என்று பார்வையால் மட்டும் சொல்ல முடியாது. இவ்வகைத் துப்பாக்கியை எப்போதும் ஏறிய நிலையில் உள்ளதாகவே கருத வேண்டும்.

இவ்வகையில் பிடிக்கு மேலுள்ள தள்ளுகட்டையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் ஆபத்து நீங்கியது என்று பலர் நினைக்கின்றனர். பெரும்பாலான துப்பாக்கிகளில் அக்கட்டை விசையை மட்டுமே தடுக்கும். உள்ளிருக்கும் குதிரையைத் தடுப்பதில்லை. கொக்கி தேய்ந்த பழைய துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே குதிரை விழுந்துவிடக்கூடும். ஆகவே தள்ளுகட்டையை நம்பித் தோட்டாவை உள்ளே வைத்திருக்கக் கூடாது.

திறந்து பார்த்தல்

துப்பாக்கியைக் கையில் எடுத்தவுடன் குழல் வாய் ஆளில்லாத திசையில், தரையையோ மண் மேட்டையோ நோக்கி இருக்க வேண்டும். சிமெண்டுத் தரையும் கருங்கல் சுவரும் குண்டைத் திருப்பிவிடும். விரலை விசைக் கூட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். அறையில் சிறுவர்கள் இருக்கலாகாது.

பிடிக்கு மேலுள்ள நெம்புகோலை வலப்புறம் தள்ளிக் குழல்களை மடக்க வேண்டும். இரண்டு தோட்டா அறைகளையும் கண்ணால் பார்த்து, பிறகு விரல் நுனியால் தடவியும் பார்க்க வேண்டும். தோட்டா இருப்பின் உடனே எடுத்து வேறு அறைக்குக் கொண்டுபோக வேண்டும். துருப்பிடித்துச் சிக்கிய தோட்டாவைக் கத்தியாலோ ஆணியாலோ நெம்பக் கூடாது. குழல் வாய் வழியாகக் கம்பியை விட்டுக் குத்துவதும் ஆகாது. துப்பாக்கியைத் திறந்த நிலையிலேயே வைத்து, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரை அழைப்பதே முறை.

அடுத்து, குழல்களை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பின்புறத்திலிருந்து பார்க்க வேண்டும். இரண்டு குழல்களிலும் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். நமது ஊர்களில் குளவிகள் குழலுக்குள் மண்கூடு கட்டிவிடுவது உண்டு. பழைய துணியும் சிக்கியிருக்கலாம். அடைப்புள்ள குழலில் சுட்டால் குழல் வெடித்து, சுடுபவரின் இடது கையைச் சேதப்படுத்தும்.

12 போர் குழலில் 20 போர் தோட்டா தவறிப் போடப்பட்டால் அது அறையைத் தாண்டி முன்னே நழுவிச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் சரியான தோட்டாவையும் போட்டுச் சுட்டால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வழக்கமானது இதனால்தான். அறையை மட்டும் பார்த்து நிறுத்தாமல் குழல் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வெளிக்குதிரையை இறக்குதல்

தோட்டா உள்ளே இருக்கும்போதே கட்டைவிரலால் குதிரையைப் பிடித்து, விசையை அழுத்தி மெல்ல இறக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வியர்வைக் கையில் கட்டைவிரல் நழுவினால் குதிரை தோட்டாவின் மேல் விழும், துப்பாக்கி வெடிக்கும். மூடிய துப்பாக்கியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது.

குதிரைகள் ஏறிய நிலையில் இருந்தால் அவற்றைத் தொடாமல் முதலில் நெம்புகோலைத் தள்ளித் துப்பாக்கியைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். காலி என்று உறுதி செய்தபின் ஒரு குதிரையைக் கட்டைவிரலால் நன்கு பின்னுக்குப் பிடித்துக்கொண்டு, அதற்குரிய விசையை அழுத்தி, மெதுவாக முன்னே விட வேண்டும். பொதுவாக முன் விசை வலக் குழலுக்கும் பின் விசை இடக் குழலுக்கும் உரியவை. ஒன்று முழுவதும் இறங்கிய பிறகே மற்றதைத் தொட வேண்டும்.

மிகப் பழைய துப்பாக்கிகளில் இறங்கிய குதிரை ஊசியின் மேல் சாய்ந்து நின்று, துப்பாக்கியைத் திறக்கவிடாமல் தடுக்கும். அவற்றில் குதிரையைப் பாதி ஏற்றினால்தான் குழல் மடங்கும். பின்னால் வந்தவற்றில் குதிரை இறங்கியதும் சற்றே பின்வாங்கி நின்றுகொள்ளும். தம்முடையது எந்த வகை என்பதைத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நலம்.

உள்குதிரையை இறக்குதல்

உள்குதிரைத் துப்பாக்கியில் விசையை இழுத்துத்தான் குதிரையை இறக்க முடியும். காலி அறையின் மீது அப்படி அடித்தால் ஊசி தாங்கலின்றி முன்னே பாய்ந்து, நாளடைவில் முனை முறியும். இதற்கென ஸ்நாப் கேப் எனப்படும் போலித் தோட்டாக்கள் துப்பாக்கிக் கடைகளில் கிடைக்கின்றன. மருந்தோ குண்டோ இல்லாத இவற்றின் பின்புறத்தில் ஊசியைத் தாங்க ரப்பரோ சுருள்வில்லோ இருக்கும்.

போலித் தோட்டாக்கள் இரண்டையும் போட்டுத் துப்பாக்கியை மூடி, குழல் வாயை மண்ணை நோக்கிப் பிடித்து, தள்ளுகட்டையை முன்னே தள்ளி, முதலில் முன் விசையையும் பிறகு பின் விசையையும் இழுக்க வேண்டும். இரண்டு முறை 'டிக்' என்று ஓசை கேட்கும். இப்போது இரண்டு வில்களும் தளர்ந்துவிட்டன. மீண்டும் திறந்தால் குதிரைகள் மறுபடி ஏறிவிடுமாதலால், போலித் தோட்டாக்களை உள்ளேயே விட்டு வைக்க வேண்டும்.

உண்மைத் தோட்டாவைச் சுட்டபின் கிடைக்கும் வெற்றுக்கூட்டைப் போலித் தோட்டாவாகப் பயன்படுத்தக் கூடாது. அதன் கேப்பில் ஊசிக்குத் தாங்கல் இல்லை. மேலும், வெற்றுக்கூட்டுக்கும் உண்மைத் தோட்டாவுக்கும் வேற்றுமை தெரியாமல் போனால் அதுவே விபத்துக்கு வழியாகும்.

மூன்று பாகங்களாகக் கழற்றுதல்

துடைப்பதற்கு முன்கட்டை, குழல்கள், பின்கட்டை என மூன்று பாகங்களாகப் பிரித்தால் போதும். திருகுகளைத் தொடக் கூடாது. வாயகன்ற திருப்புளி பழைய திருகுகளின் தலையைச் சிதைத்துவிடும். உள்ளிருக்கும் வில்கள் கண்ணில் பாயும்.

1. மேலே கூறியபடி திறந்து, காலி என்று உறுதி செய்து, மூடிக்கொள்ள வேண்டும். இப்போது உள்குதிரைகள் ஏறிய நிலையில் இருக்கும்.

2. முன்கட்டையைக் கழற்ற வேண்டும். சிலவற்றில் நுனியில் பொத்தான் இருக்கும். சிலவற்றில் அடியில் சிறு நெம்புகோல் இருக்கும். சிலவற்றில் கையால் கீழ்நோக்கி இழுத்தாலே வந்துவிடும்.

3. ஒரு கையால் குழல்களைத் தாங்கிக்கொண்டு மேல் நெம்புகோலைத் தள்ளினால் குழல்கள் மடங்கும். மெல்லத் தூக்கினால் அச்சிலிருந்து கொக்கி விடுபட்டுக் குழல்கள் தனியே வரும்.

4. குழல்கள் தனியே இருக்கும்போது விசையைத் தொடக் கூடாது. தொட்டால் உள்குதிரைகள் விழும். அவற்றை ஏற்றும் நெம்புகள் இடம் மாறிவிடும். பிறகு குழல்களையும் முன்கட்டையையும் பொருத்த முயன்றால் சேராது.

பொருத்தும்போது முதலில் குழல்களின் கொக்கியை அச்சில் மாட்டி, மூடி, கடைசியில் முன்கட்டையை வைக்க வேண்டும். எளிதாகச் சேராவிட்டால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். சுத்தியலால் தட்டி அல்லது அரம் போட்டு 'சரி செய்த' பழைய துப்பாக்கிகளில் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இடைவெளி விழுந்து, அவை என்றைக்கும் சுடத் தகுதியற்றவையாகி விடுகின்றன.

துடைத்தலும் எண்ணெயும்

கரிமருந்துத் தோட்டா சுட்ட குழலில் எஞ்சும் சாம்பல் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது. அதை எண்ணெயால் மட்டும் போக்க முடியாது. பின்கட்டையை அகற்றிய பிறகு குழல்களில் வெந்நீரை ஊற்றிக் கழுவி, உடனே உலர்ந்த துணியால் துடைத்து, சூடு ஆறுமுன் மெல்லிய எண்ணெய் பூச வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதில் தவறுகள் அதிகம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறைந்துவிடும். மலைப்பகுதிக் குளிரில் விசை அமைப்புக்குள் கட்டியாகி நிற்கும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகி ஒட்டும். விளக்கெண்ணெய் மிகவும் பசையானது. துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிடில் தையல் இயந்திர எண்ணெயே போதுமானது. அதையும் துணியில் தொட்டு மெல்லிய படலமாகப் பூச வேண்டும், ஊற்றக் கூடாது. மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு எடுத்து உள்ளங்கையால் தேய்த்தால் பளபளப்பு நிற்கும்.

குழல்களைக் கழற்றியிருக்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால், நல்ல குழல்கள் மணிபோல் ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் இரு குழல்களையும் இணைக்கும் பட்டையின் பற்றாசு விட்டிருக்கலாம்.

குழலின் மேல் பாம்புச் சட்டை போலவோ மர ரேகை போலவோ வரிகள் தெரிந்தால், அது இரும்பு, எஃகு நாடாக்களை முறுக்கிச் சுற்றி உலையில் ஒட்டிய டமாஸ்கஸ் குழலாகும். இக்குழல்களில் பெரும்பாலானவை கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. ஒட்டுகளுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத துரு இருக்கலாம். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளமே உள்ளது. 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் நுழைந்தாலும், வெடிக்கும்போது வாய் விரிய இடமின்றி அழுத்தம் கூடும். தேர்ந்தவர் சோதித்துச் சொல்லாமல் இவற்றில் இக்காலத் தோட்டாவைப் போடக் கூடாது.

வைக்கும் இடம்

உழவர் வீட்டில் துப்பாக்கியை வைக்கக் கூடாத முதல் இடம் உர அறையாகும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உள்ளது. அமோனியம் சல்பேட்டும் ஈரத்தை இழுத்து அமிலத் தன்மை தரும். அவற்றின் தூசி படிந்த எஃகு ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாக அரித்துப் போகும். அடுப்பங்கரைப் பரணும் புகையாலும் ஆவியாலும் ஏற்றதன்று. செம்மண், சிமெண்டுச் சுவரில் சாய்த்து வைத்தால் ஈரமும் கரையானும் கட்டையைப் பற்றும்.

தோல் உறையில் நீண்ட நாள் வைப்பதும் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட உப்பு எஃகைக் கறைப்படுத்தும். உலர்ந்த அறையில், பூட்டுள்ள இரும்பு அலமாரியில், தளர்வான பருத்தித் துணி சுற்றி வைப்பதே சிறந்தது. நிற்க வைப்பதானால் குழல் வாய் கீழே, ஒரு கம்பளித் துண்டின் மேல் இருக்கட்டும். குழல் வாய் மேலே இருந்தால் எண்ணெய் வடிந்து பின்கட்டையின் தலைப்பகுதியில் இறங்கி, மரத்தை ஊறவைத்துவிடும். குழல் வாயில் துணி அடைப்பது கூடாது. ஈரம் உள்ளே தங்குவதோடு, எடுக்க மறந்தால் பேராபத்து.

தோட்டாக்களுக்கு வேறு பூட்டு, வேறு அறை வேண்டும். இரண்டு சாவிகளும் ஒரே வளையத்தில் தொங்கக் கூடாது. பூச்சி மருந்துக்கு எவ்வளவு கண்டிப்போ அவ்வளவு இதற்கும் தேவை. உப்பிய காகிதத் தோட்டாவும், பித்தளையில் பச்சைக் களிம்பேறிய தோட்டாவும் பயன்படா. அவற்றை எரிக்கவோ கிணற்றில் போடவோ கூடாது. உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைக்க வேண்டும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மாதம் ஒருமுறையும், மற்ற காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் எடுத்துத் துடைத்தால் போதும். ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியை எடுத்து வைக்கும் வீடுகளில், பூஜைக்கு முன்பே திறந்து பார்த்துக் காலி என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சந்தனமும் குங்குமமும் ஈரமானவை. உலோகத்தின் மேல் வைக்காமல் கட்டையின் மேல் வைத்து, அன்றே துடைத்துவிட வேண்டும். விருந்தினர் கைக்குக் கை மாற்றிப் பார்க்க விடக் கூடாது.

வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி

பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத் திறந்து பார்க்க வழியில்லை. கெஜக்கோலை மெதுவாக உள்ளே விட்டு, குழல் வாய்க்கு நேராக விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலின் வெளிப்புறத்தில் வைத்து அளக்க வேண்டும். அப்போது குழல் வாய்க்கு முன்னே தலையை நீட்டக் கூடாது. கோல் கேப்பு வைக்கும் துவாரம் வரை எட்டாமல் சில அங்குலம் முன்னதாகவே நின்றால், உள்ளே மருந்து இருக்கிறது என்று பொருள். எத்தனை ஆண்டு பழையதாயினும் உலர்ந்த கரிமருந்து வெடிக்கும். அதைத் தாமே எடுக்க முயலாமல் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

சட்டம் கூறுவது

பழுது பார்ப்பதும் விற்பதும் உரிமம் பெற்றவர் மட்டுமே செய்யத்தக்கவை. குழலை வெட்டிக் குறைப்பது 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டப்படி குற்றமாகும். 2019-இல் வந்த திருத்தத்தின்படி உரிமத்தின் காலம் 5 ஆண்டுகள். ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது.

உரிமம் பெற்றவர் காலமானால், அவருடைய துப்பாக்கியை வீட்டிலேயே வைத்திருப்பது முறையாகாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்து இரசீது பெற்று, வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, உரிமம் பெற்றவருக்கு 70 வயது நிறைந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிருடன் இருக்கும்போதே வாரிசு ஒருவர் பெயருக்கு உரிமம் கோரவும் வழியுண்டு.

வயதானவர்கள் இவ்வசதியைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது. அதைவிடவும் முக்கியமானது, உரிமத்தோடு கூடவே துப்பாக்கியின் நிலையையும் சொல்லிக் கொடுப்பதாகும். அது எந்த வகை, குதிரையை இறக்குவது எப்படி, போலித் தோட்டா எது, சாவிகள் எங்கே என்பவற்றை அடுத்த தலைமுறைக்குப் பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டும். தேர்தல் காலத்தில் ஒப்படைத்துத் திரும்பப் பெறும் துப்பாக்கியாயினும், பாட்டனார் கையால் பூட்டி வைத்த துப்பாக்கியாயினும், கையில் எடுத்தவுடன் திறந்து, இரண்டு குழல்களையும் பார்த்து, அதன் பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.